எட்டாம் நம்பர் ஊசி

ஒரே ஒரு மில்லிமீட்டரை வைத்துக்கொண்டு, அமெரிக்கா போகிற விமானத்தை எட்டு மாதம் நிறுத்தி வைத்தவன் நான். சிரிக்காதீர்கள். இருங்காட்டுக்கோட்டையில் கார் உதிரிபாகங்களை இருபத்தைந்து வருஷம் அளந்தவன். நான் வெர்னியர் அளவுகோலை எடுத்தால் இரும்பே கூச்சப்பட்டுச் சுருங்கும் என்பார்கள். அப்படிச் சொன்னதும் நான்தான்.

இப்போது அலுத்துவிட்டது. சொல்லிவிடுகிறேன்.

மகள் இசைவாணி டெட்ராய்ட்டில் முழுகாமல் இருந்தாள். பிரசவம் பார்க்கப் போக என் மனைவி கிளியம்மாள் தயார். ஆனால் ஒரு பிடிவாதம். "வெறுங்கையோட போவமாட்டேன். அந்தக் குளுருக்குக் கொழந்தைக்கு என் கையால ஸ்வெட்டர் பின்னி எடுத்துக்கினுதான் ஏறுவேன்." போனால் ஆறு மாதம். ஒரகடத்து வீட்டில் நானும் சுவரும். சுவருக்கு என் கதைகளைக் கேட்கிற பொறுமை கிடையாது.

மகள் போனில் அனுப்பிய பின்னல் குறிப்பை நான்தான் தமிழில் எழுதிக் கொடுத்தேன். எட்டாம் நம்பர் ஊசி, தொண்ணூறு கண்ணி, சுற்றளவு இருபது அங்குலம். எட்டுக்குப் பக்கத்தில் இருந்த 'ஐந்து மில்லிமீட்டர்' என்பதை மட்டும் எழுதவில்லை.

பின்னுகிறவர்கள் குறித்துக்கொள்ளுங்கள். அமெரிக்க எட்டு ஐந்து மில்லிமீட்டர். நம் கடை எட்டு நாலுதான். நாலங்குலத்தில் பதினெட்டு கண்ணி விழ வேண்டிய இடத்தில் இருபத்திரண்டு விழும். இருபது அங்குலம் பதினாறு சொச்சமாகிவிடும். அதனால்தான் முதலில் ஒரு சின்னச் சதுரம் பின்னி அளக்கச் சொல்வது. அவளும் பின்னினாள். அளந்து, சரி என்றவன் நான்.

மூன்று முறை பின்னினாள். மூன்று முறை பிரித்தாள். டிக்கெட் தள்ளிக்கொண்டே போனது. கண்ணிகளை உரக்க எண்ண ஆரம்பித்தாள். பிறகு எண்ணியதையே சந்தேகப்பட்டாள். "எனக்குத் தல கலங்கிப்போச்சாங்க?" என்றாள். ஸ்ரீபெரும்புதூருக்குக் கூட்டிப்போய் டாக்டரிடம் காட்டினேன். மறதிக்கு மாத்திரை எழுதினார். வேளை தவறாமல் நானே கொடுத்தேன். அதில் யாரும் என்னைக் குறை சொல்ல முடியாது.

இசைவாணி தனியாகத்தான் பெற்றாள். கிளியம்மாள் ஊசியைத் தொடுவதை விட்டாள். அடுப்பை அணைத்தேனா, கதவைப் பூட்டினேனா என்று என்னையே கேட்டாள். என் கதைகளுக்கெல்லாம் தலையாட்டினாள். முன்பெல்லாம் பாதியிலேயே மடக்குவாள். நம்புகிற ஆளிடம் கதை சொல்வதில் என்ன ருசி?

நேற்றுக் காலை எல்லாவற்றையும் சொன்னேன்.

"கத வுடாதீங்க," என்றாள், மாதக்கணக்கில் கேட்காத அந்தக் குரலில். "உங்களுக்கு ஏது அவ்ளோ சாமர்த்தியம்?"

மனசு நிறைந்துபோயிற்று. வெர்னியரைக் கையில் கொடுத்தேன். ஊசியை வைத்துப் பார்த்தாள். நாலு. போனில் மகளின் குறிப்பைக் காட்டினேன். ஐந்து.

மாத்திரை டப்பாவை எடுத்து வந்து என் மடியில் வைத்தாள்.

"நெசம்தான். நீதான்யா செஞ்சிகீற," என்றாள். "அப்ப என் தல நல்லாத்தான் கீது."