உனக்காகத்தான் நடக்கிறேன்

— நடக்கறதை முதல்ல நிறுத்தும்மா. உக்காருன்னு சொல்றேன்ல?

— உக்காந்துதான் சார் இருக்கேன்.

— விளையாடாத சாம்பியன். ஸ்கூல் கம்ப்யூட்டர் முன்னாடி இருந்துதான் பேசறேன். உன் கைல கட்டிவிட்ட பட்டை சொல்றதெல்லாம் எனக்கு இங்க தெரியுது. இந்த நிமிஷம் உன் இதயத் துடிப்பு நூத்தி எழுபது.

— காலைல ஆறு மணிலேர்ந்து இதே நாற்காலிதான் சார். கெமிஸ்ட்ரி படிச்சிட்டிருக்கேன்.

— அப்போ நடக்கறது யாரு, உன் ஆவியா? இதோ, பேசிட்டிருக்கும்போதே முப்பது அடி கூடிடுச்சு. மூச்சு வாங்குதா?

— இல்ல சார்.

— நெஞ்சு வலி? இடது கை வலி?

— எனக்கு ஒண்ணும் இல்ல சார்.

— இன்னிக்கு மட்டும்னா கருவி கோளாறுன்னு விட்டிருப்பேன். நாலு நாளா இப்படித்தான். தடதடன்னு ஓடுது, நடுவுல ஒண்ணு தடுக்கி நிக்குது. நம்ம ஸ்கூல் டாக்டரம்மாகிட்ட காட்டினேன். பாத்ததும் அவங்க முகமே மாறிடுச்சு. இந்தப் பிள்ளை இனிமே ஒரு அடிகூட எடுத்து வைக்கக் கூடாதுன்னாங்க.

— வெச்சா?

— என்ன கேள்வி இது?

— தெரிஞ்சுக்கத்தான் சார். நடந்துட்டே இருந்தா என்ன ஆகும்?

— இதயம் அப்படியே நின்னுடலாம். பயமுறுத்தறதுக்குச் சொல்லல, உள்ளதைச் சொல்றேன். அம்மாகிட்ட போனைக் குடு.

— அம்மா மொட்டைமாடில இருக்காங்க சார். போனைக் கீழ வெச்சிட்டுப் போயிட்டாங்க.

— அப்போ கூப்பிடு. உடனே ஆஸ்பத்திரிக்குக் கூட்டிட்டுப் போகச் சொல்லு. பாரு சாம்பியன், ஆறாவது படிக்கும்போதே பெரிய பிள்ளைங்களையெல்லாம் பின்னாடி விட்டு ஓடினவ நீ. அப்புறம் என்ன ஆச்சோ, மூணு வருஷம் கிளாஸ் மூலைல உக்காந்துட்டே. இப்போ நாலு மாசமா தினம் பத்தாயிரம் அடி குறையாம நடக்கறே. எனக்கு எவ்வளவு சந்தோஷம் தெரியுமா?

— அம்மாகிட்ட சொல்லிடறேன் சார்.

— பத்து நிமிஷத்துல மறுபடி கூப்பிடறேன்.

— யாருடி போன்ல? படிக்கற நேரத்துல அரட்டையா? விளங்கிடும்.

— பி.டி. சாரும்மா.

— அவனுக்கு என்ன வந்துச்சு? பட்டையைக் கட்டிட்டு நடக்கறது நான்னு தெரிஞ்சுபோச்சா?

— இல்ல.

— நல்லவேளை. நீ எழுந்திருக்காத, தண்ணியை நானே எடுத்துக்கறேன். நீ எழுந்தா அரை மணி நேரம் போயிடும். அப்பப்பா, நெஞ்சை யாரோ பிடிச்சுப் பிசையற மாதிரி இருக்கு.

— எப்போலேர்ந்து?

— நாலஞ்சு நாளா. மேல வெயில் என்ன கொஞ்சமா? விளையாட்டு மார்க் இருந்தாத்தான் காலேஜ்ல சீட்டாம். எந்தப் புண்ணியவான் கண்டுபிடிச்சானோ. எத்தனை அடி ஆச்சுன்னு காட்டவாவது செய்யுதா இந்தச் சனியன்? வெறும் கறுப்பு ரப்பர்.

— அது சாரோட கம்ப்யூட்டர்லதான் தெரியும். அம்மா, அதைக் கழட்டி என்கிட்ட குடு. இனிமே நானே நடக்கறேன்.

— நீயா?

— தினம் ஒரு மணி நேரம்தான். சாயங்காலம் மைதானத்துல. வந்து ராத்திரி முழிச்சிருந்து படிச்சிடறேன்.

— கண்ணாடில உன்னைப் பாத்தியா? எழுந்தா நாற்காலியும் கூடவே வருது. நீ நடந்தா தரை தாங்குமாடி பூசணி?

— உக்கார வெச்சது நீதானே? என் ஷூவைக் குப்பைல போட்டது நீதானே?

— ஆமா, போட்டேன். மறுபடி வாங்கினா மறுபடி போடுவேன். ஓடி ஓடிக் கப் வாங்கினியே, அந்த வருஷம் கணக்குல என்ன வாங்கினே? முப்பத்தெட்டு. விளங்கிடும்.

— ரெண்டு படி ஏறினா எனக்கு மூச்சு வாங்குதும்மா. பதினஞ்சு வயசுதான் ஆகுது. சர்க்கரை வர்ற மாதிரி இருக்கு, இந்தப் பொண்ணை நடக்க விடுங்கன்னு டாக்டர் சொன்னாரே, நீயும்தானே கேட்டுட்டிருந்தே?

— சீட்டு கிடைக்கட்டும், அப்புறம் நட. சர்க்கரைக்கு என்ன, அது எங்கயும் ஓடிடாது.

— உனக்கும் உடம்பு சரியில்லல்ல? இன்னிக்கு ஒரு நாள் மட்டும் குடும்மா. கெஞ்சிக் கேக்கறேன்.

— வாயை மூடு. என்கூடக் கடைக்கு வந்தாலே எனக்குக் கூசுது. ஊரே பாக்க மைதானத்துல இது குலுங்கிக்கிட்டு ஓடணுமா? நான் நடந்து செத்தாலும் சாவேன், நீ அந்த நாற்காலியை விட்டு எழுந்திருக்கக் கூடாது. புரிஞ்சுதா?

— புரிஞ்சுதும்மா.

— புஸ்தகத்தை எடு.

— போனை அணைச்சு வெச்சிடவா? அடிச்சிட்டே இருந்தா படிக்க முடியாது.

— வை. ஆமா, அந்த சார் எதுக்குக் கூப்பிட்டான்னு சொல்லவே இல்லையே?

— இன்னிக்கு ரெண்டாயிரம் அடி குறையுதாம்மா. இன்னும் வேகமா நடக்கச் சொன்னாரு.