ரோஸ் டப்பாவும் பச்சை டப்பாவும்

நாங்கள் சோப்பை மாற்றவில்லை, டாக்டர். அதை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். காயல்பட்டினமே இப்போது என்னிடம் அந்த ஒன்றைத்தான் கேட்டுக்கொண்டிருக்கிறது. என்ன சோப்பு, என்ன கிரீம், துபாய்ச் சரக்கா, மலேசியாச் சரக்கா என்று. என் தங்கை ரிஃப்காவின் முகம் அவ்வளவு தெளிந்துவிட்டது. முந்தாநாள் ஒருத்தி பின்பக்க முடுக்கில் என்னை மறித்து, "யுஸ்ரா, மறைக்காம சொல்லு, ஒன் தங்கச்சிக்கு என்னத்தப் பூசுனே?" என்று கையைப் பிடித்துக்கொண்டாள். நான் உங்கள் பெயரைத்தான் சொன்னேன். இந்த மாதம் எங்கள் ஊரிலிருந்து உங்கள் கிளினிக்குக் கூட்டம் வந்தால் அந்த நன்மை என்னைச் சேரும்.

போன வியாழக்கிழமை தூத்துக்குடிக்கு வந்திருந்தபோது, ரிஃப்காவை வெளியே உட்காரச் சொல்லிவிட்டு என்னிடம் கேட்டீர்கள். "ஒம்போது மாசமா அசையாத பரு இந்த நாலு மாசத்துல அடங்கியிருக்குன்னா, வீட்டுல என்னத்தையோ மாத்தியிருக்கீங்க அக்கா. சாப்பாடோ, தூக்கமோ, யோசிச்சு எழுதித் தாங்க. மத்தவங்களுக்கும் உதவும்லா." இத்தனை மாதத்தில் என்னிடம் உருப்படியாக ஒரு கேள்வி கேட்டவர் நீங்கள் ஒருவர்தான். அதனால்தான் எழுதுகிறேன். கேட்டால் மறைக்கிற பழக்கம் எனக்குக் கிடையாது.

மாறியது ஒன்றே ஒன்றுதான். அவள் நீங்கள் எழுதிக்கொடுத்த மாத்திரையைச் சாப்பிட ஆரம்பித்தாள்.

அப்படியானால் அதற்கு முந்தைய ஒன்பது மாதம் என்ன சாப்பிட்டாள் என்று கேட்பீர்கள். கால்சியம் சாப்பிட்டாள். அவள் எலும்பு இப்போது நல்ல உறுதியாக இருக்கும். அதையும் குறித்துக்கொள்ளுங்கள்.

எங்கள் ஊர் வழக்கத்தைக் கொஞ்சம் சொல்லவேண்டும். எங்களிடம் கல்யாணமான பெண் பெட்டி கட்டிக்கொண்டு கிளம்புவதில்லை; மாப்பிள்ளைதான் பெண் வீட்டுக்கு வருவார். வீடு பெண்ணுக்கு. இரண்டு பெண்கள் என்றால் இன்னொரு வீடு கட்டவேண்டும். முடியாவிட்டால் இருக்கிற வீட்டுக்கு நடுவே சுவர் எழுப்பவேண்டும். எங்கள் உம்மா ஹாஜரா பீவிக்கு அவளுடைய உம்மா கொடுத்த வீடு இது. தெருவிலிருந்து பின் முடுக்கு வரைக்கும் ஒரே நீளம். அதில் உம்மா, வாப்பா, நான், என் இரண்டு பிள்ளைகள், ரிஃப்கா. என் வீட்டுக்காரர் ஹபீப் ஷார்ஜாவில் இருக்கிறார். வருடத்துக்கு நாற்பது நாள் வந்து, பிரியாணி சாப்பிட்டு, ஏசி சரியில்லை என்று சொல்லிவிட்டுத் திரும்பிப் போவார்.

ரிஃப்காவுக்கு இருபத்தொன்பது வயது. அவள் முகத்தை நீங்களே பார்த்தீர்கள். சின்ன வயதுப் பரு என்றால் தானாகப் போயிருக்கும். இது தாடைக்கு அடியில் கல்போல உருண்டு, மாதவிலக்கு நெருங்கும்போதெல்லாம் பழுத்து, போகும்போது கறுப்பாகக் குழி வைத்துவிட்டுப் போகும். முகத்தை மூடிக்கொண்டு தெருவில் நடக்கிற ஊரில் பருவுக்கு என்ன கவலை என்று உங்கள் கிளினிக்கில் டோக்கன் கொடுக்கும் பெண் ஒருநாள் கேட்டாள். பாவம், அவளுக்குத் தெரியாது. எங்களிடம் பெண் பார்க்க வருவது மாப்பிள்ளையின் உம்மாவும் லாத்தாமாரும், அதாவது அக்காமாரும். ஆம்பிளைக்காவது கண் கொஞ்சம் மங்கும். இவர்கள் பெண்ணை ட்யூப்லைட்டுக்கு நேராக உட்காரவைத்து, பேச்சுக் கொடுத்துக்கொண்டே தாடையைப் பார்ப்பார்கள். மூன்று இடம் அப்படி வந்தது. மூன்றும் வட்டிலப்பம் சாப்பிட்டுவிட்டுப் போனது.

மூன்றாவது இடம் தட்டிப்போன அன்று ரிஃப்கா அழுதாள். நானும் அவளைக் கட்டிக்கொண்டு அழுதேன். அது நடிப்பில்லை, அவள்மேல் எனக்கு உயிர். மறுநாள் காலையில் எழுந்து பார்த்தால் வீங்கிய கண்ணோடு என் பிள்ளைகளுக்கு டிபன் கட்டி, தலை பின்னி, உம்மாவுக்குக் கால் தேய்த்துக்கொண்டிருக்கிறாள். அவள் இல்லாமல் இந்த வீடு எப்படி ஓடும் என்று அப்போதுதான் முதல்தடவையாக நினைத்துப் பார்த்தேன். அவளுக்குக் கல்யாணம் ஆனால் நடுவில் சுவர் வரும். சுவருக்கு அந்தப்பக்கம் அவள் வேறு ஒரு ஆளுக்கு டிபன் கட்டுவாள். எனக்குப் பயமாக இருந்தது. பயம் வந்தது தப்பு என்று நான் இன்றைக்கும் நினைக்கவில்லை.

அதற்கு அடுத்த வாரம்தான் அவள் பிடிவாதம் பிடித்து என்னை உங்களிடம் கூட்டிவந்தாள். நீங்கள் சொன்னது எனக்கு ஒரு எழுத்து விடாமல் ஞாபகம் இருக்கிறது. "இது நெசத்துல பிரஷர் மாத்திரைம்மா. பொம்பளப் பிள்ளைகளுக்கு ஹார்மோனால வார பருவுக்கும் நல்லாக் கேக்கும். மூணு மாசம் பொறுக்கணும். ரத்தத்துல பொட்டாசியம்னு ஒரு உப்பு ஏறுதான்னு அப்பப்போ பாப்போம். எளநியிலயும் அந்த உப்பு உண்டு, ரொம்பக் குடிக்காத. பிள்ள உண்டாகும்போது இது ஆகாது, அதனால கல்யாணம் முடிவாச்சுன்னா மொதல்ல எங்கிட்டச் சொல்லணும்." ரிஃப்கா தலையாட்டினாள். நான் பிரஷர் மாத்திரை என்ற சொல்லை மட்டும் பத்திரமாக வீட்டுக்கு எடுத்துவந்தேன்.

வீட்டில் மருந்து என் பொறுப்பு. ஷார்ஜாவிலிருந்து வந்த இரண்டு டப்பாக்கள், ஒவ்வொன்றிலும் நாளுக்கு ஒன்றாக ஏழு அறை, வாரம் தவறாமல் சனிக்கிழமை காலையில் நான் நிரப்புவேன். பச்சை உம்மாவுக்கு. பிரஷர், சர்க்கரை, கால்சியம். ரோஸ் ரிஃப்காவுக்கு. மாத்திரையை அட்டையிலிருந்து பிரித்துப் போட்டுவிட்டால் எல்லாம் வெள்ளைதான், எல்லாம் வட்டம்தான். உம்மாவின் கால்சியத்தை ரோஸ் டப்பாவில் போட்டேன். மிஞ்சியது ரிஃப்காவின் மாத்திரை. மருந்தைக் குப்பையில் கொட்ட எனக்கு மனம் வராது. வீண்விரயம் செய்கிறவன் ஷைத்தானின் சகோதரன் என்று சின்ன வயதிலேயே ஓதியிருக்கிறோம். பிரஷர் மாத்திரை என்று நீங்களே சொல்லிவிட்டீர்கள். வீட்டில் பிரஷர் உள்ளவள் ஒருத்தி இருக்கிறாள். பச்சை டப்பாவில் போட்டேன்.

முதலில் உம்மாவுக்கு அது நன்றாகவே கேட்டது. கால் வீக்கம் வடிந்தது. பிரஷர் இறங்கியது. எங்கள் ஊர் டாக்டர் மெஷினைக் கழற்றிவிட்டு, "நல்லாப் பாத்துக்கிடுதீங்க" என்று என்னைப் பாராட்டினார். ரிஃப்காவின் தாடை மட்டும் அப்படியே இருந்தது.

"லாத்தா, மூணு மாசமாச்சு, ஒண்ணும் கொறயலியே" என்பாள் கண்ணாடி முன்னால் நின்று.

"ஒன் ஒடம்பு வாகு அப்படி. பொறு" என்பேன். ஆறுதல் சொல்வதில் நான் குறை வைத்ததில்லை.

நீங்களும் உங்கள் பங்குக்குக் குறை வைக்கவில்லை. கேட்கவில்லை என்றதும் மாத்திரையைக் கூட்டினீர்கள். ஆறாவது மாதம் இன்னொருமுறை கூட்டினீர்கள். எனக்கும் உள்ளூர ஒரு யோசனை இருந்தது, இவ்வளவு உம்மா தாங்குவாளா என்று. நான் கண்மூடித்தனமாக எதையும் செய்கிறவள் இல்லை. அதனால் ரிஃப்காவின் ரத்தப் பரிசோதனைச் சீட்டு வரும்வரை காத்திருந்தேன். உப்பு சரியாக இருக்கிறது, ஒரு குறையும் இல்லை என்று நீங்கள் சொன்னீர்கள். மாத்திரையால் உடம்புக்குக் கெடுதல் இல்லை என்று எனக்கு நிம்மதியாகிவிட்டது. அதைச் சாப்பிடாதவளின் ரத்தத்தை வைத்து அந்த முடிவுக்கு வந்திருக்கிறேன் என்பது எனக்கு உறைக்கவில்லை. உங்களுக்கும் உறைக்கவில்லை, டாக்டர். நீங்கள் எம்.டி. வேறு படித்திருக்கிறீர்கள்.

கூட்டிய மாத்திரையைப் பச்சை டப்பாவுக்கு மாற்றிய பிறகு உம்மாவுக்கு அசதி வந்தது. கால் துவளுகிறது என்றாள். தெம்புக்கு ஆகட்டுமே என்று தினமும் காலையில் ஒரு இளநீர் வெட்டிக் கொடுத்தேன். இளநீர் வேண்டாமென்று நீங்கள் ரிஃப்காவிடம்தானே சொன்னீர்கள். உம்மாவிடம் யாரும் சொல்லவில்லை.

ஒன்பதாவது மாதம், ஒரு செவ்வாய்க்கிழமை காலை பத்து மணிக்கு, உம்மா மீன்காரியிடம் ஊளி மீனுக்கு விலை பேசிக்கொண்டிருந்தவள் அப்படியே சரிந்தாள். ஆறுமுகநேரி உப்பளத்தைத் தாண்டிக் கார் போகும்போது என் மடியில் தலை வைத்து, விலையை மீன்காரி இன்னும் இறக்கவில்லையே என்று வருத்தப்பட்டாள். நினைவு அவ்வளவு தெளிவாக இருந்தது.

தூத்துக்குடியில் ஒரு ஆஸ்பத்திரியில் சேர்த்தோம். சின்ன வயது டாக்டர் ஒருத்தர் ரத்தச் சீட்டைக் கையில் பிடித்துக்கொண்டு ஓடிவந்தார். "பொட்டாசியம் பயங்கரமா ஏறியிருக்கும்மா. கிட்னியாலயா, மாத்திரையாலயான்னு தெரியணும். இவங்க சாப்பிடுத மாத்திரைய அம்புட்டையும் சொல்லுங்க. ஒண்ணையும் விட்டுறாதீங்க."

ரிஃப்கா எனக்குப் பக்கத்தில் நின்றாள். உம்மாவின் பாதத்தை இரண்டு கையாலும் பொத்திக்கொண்டிருந்தாள். மாஸ்க் நனைந்து தாடையோடு ஒட்டியிருந்தது.

பொட்டாசியம் என்றவுடனே எனக்குப் புரிந்துவிட்டது. அதை நான் ஒளிக்கமாட்டேன். ரிஃப்காவின் மாத்திரையும் உள்ளே போயிருக்கிறது என்று ஒரு வரி சொன்னால் போதும். ஆனால் அந்த வரியைச் சொன்னால் பக்கத்தில் நிற்கிறவளும் கேட்பாள். பிறகு அவள் என்னை லாத்தா என்று கூப்பிடுவாளா என்று யோசித்துப் பார்த்தேன். கூப்பிடமாட்டாள் என்றுதான் பட்டது. பையிலிருந்து உம்மாவின் அட்டைகளை எடுத்து ஒவ்வொன்றாக அவரிடம் கொடுத்தேன். பிரஷர், சர்க்கரை, கால்சியம். உம்மா பெயருக்கு எழுதியவை அவ்வளவும் அதில் இருந்தன. ஒரு வார்த்தை பொய் கிடையாது. அவர் கிட்னிதான் காரணமாக இருக்கும் என்று சொல்லிக்கொண்டு உள்ளே போனார்.

உம்மா மத்தியானம் ஒன்றரை மணி வரைக்கும் இருந்தாள். காரணம் சரியாகத் தெரிந்திருந்தால் வைத்தியம் வேறு மாதிரி நடந்திருக்குமோ என்று பிறகு போனில் தேடிப் பார்த்தேன். நடந்திருக்கலாம் என்றுதான் போட்டிருக்கிறது. போனில் ஆயிரம் போடுவார்கள். மவுத்து எழுதப்பட்ட நேரத்துக்கு வருவது. மாத்திரை ஒரு சாக்கு. மறுநாள் காலையில் அடக்கம் செய்தோம். என்னைப்போல உம்மாவைப் பார்த்துக்கொண்ட மகள் ஊரில் இல்லை என்று வந்தவர்கள் எல்லோரும் சொன்னார்கள்.

அடுத்த சனிக்கிழமை டப்பா நிரப்ப உட்கார்ந்தேன். உம்மா இல்லாததால் கால்சியம் வாங்கவில்லை. பச்சை டப்பாவுக்கும் ஆள் இல்லை. கையில் இருந்தது ரிஃப்காவின் மாத்திரை, எதிரே இருந்தது ரிஃப்காவின் டப்பா. வேறு எங்கே போடுவது, சொல்லுங்கள். அதில் போட்டேன். மூன்றாம் மாதம் அவள் தாடை வழவழவென்று ஆகிவிட்டது. நீங்கள் எழுதிக்கொடுத்த மருந்து நல்ல மருந்து, டாக்டர். அதில் எனக்குச் சந்தேகமே இருந்ததில்லை.

போன மாதம் நாலாவது இடம் வந்தது. ட்யூப்லைட்டுக்கு நேராக உட்காரவைத்தார்கள். எழுந்திருக்கும்போது மாப்பிள்ளையின் உம்மா அவள் கன்னத்தைத் தொட்டு முத்தமிட்டாள். மாப்பிள்ளை பெயர் இஹ்ஸான், துறைமுகத்தில் கிளியரிங் ஏஜென்ட் ஆபீசில் வேலை. வெளிநாடு போகிற எண்ணம் இல்லையாம். வருடம் முழுக்க இங்கேயேதான் இருப்பாராம். அவள் சந்தோஷமாக இருக்கிறாள். நானும் சந்தோஷப்படுகிறேன்.

வாப்பா கொத்தனாரைக் கூட்டிவந்து வீட்டுக்கு நடுவில் சுண்ணாம்புக் கோடு போட்டார். கோடு நேராகத்தான் வந்தது. கிணற்றடிக்குப் பக்கத்தில் வந்ததும் என் பக்கமாக வளைந்துவிட்டது. "சமைக்கிறவ அவதானே, அடுப்படி அவளுக்கு இருக்கட்டும்மா. ஒனக்கு முன்பக்கம் கட்டித் தாரேன்" என்றார். எனக்குக் கோபம் இல்லை. பெற்றவர் செய்வதில் மகள் குறுக்கே நிற்கக் கூடாது.

கல்யாணம் முடிவாகிவிட்டதால் வியாழக்கிழமை நீங்கள் அந்த மாத்திரையை நிறுத்திவிட்டீர்கள். சரிதான். ஆனால் அதற்கு முந்தின நாள்தான் நான் இரண்டு மாதத்துக்குச் சேர்த்து வாங்கிவைத்திருந்தேன். அட்டையையும் பிரித்தாகிவிட்டது, மெடிக்கல் அண்ணாச்சி திரும்ப எடுக்கமாட்டார். கொட்டினால் வீண்விரயம். வாப்பாவுக்கோ கொத்தனார் வந்துபோனதிலிருந்து பிரஷர் ஏறி நிற்கிறது. உம்மா பெயருக்கு எழுதியிருந்த அதே பிரஷர் மாத்திரையைத்தான் அவரும் சாப்பிடுகிறார். இளநீர் என்றால் அவருக்கும் உயிர். பச்சை டப்பாவைக் கழுவி வெயிலில் காயவைத்திருக்கிறேன்.

போன தடவை நான் செய்த ஒரே தப்பு, உங்களைக் கேட்காமல் செய்தது. அதை நன்றாக உணர்ந்துவிட்டேன். ஆகவே இந்தத் தடவை முறைப்படி கேட்கிறேன்: வாப்பாவுக்குக் கொடுக்கலாமா, கூடாதா? இதையெல்லாம் வாட்ஸப்பில் கேட்பது மரியாதையில்லை என்பதால் இன்று சாயங்காலம் தபாலில் சேர்த்துவிடுகிறேன். நாளைக்குச் சனிக்கிழமை. காலை ஒன்பது மணி வரைக்கும் உங்கள் பதிலுக்குக் காத்திருப்பேன்.