மறுமுனையப் புடிக்க ஒரு ஆளு

...அதாங்க்கா, ஒக்கார்றதுக்கு ஒரு பெஞ்சு வேணும்னா கடையில கெடைக்காதா? எங்க வூட்டுக்காரரு செம்மங்குப்பத்துல ஒரு கம்பெனியில ஃபோர்மேனா இருந்து ரிட்டயர் ஆனவரு. அங்க எத்தினியோ பேர வேல வாங்குனாரு. இப்ப வூட்ல நான் ஒருத்திதான் ஸ்டாஃப். செல்லுல எவனோ வெள்ளக்காரன் பெஞ்சு செய்யறதப் பாத்துட்டு, மரவாடிக்குப் போயி வேப்பம்பலவ வாங்கியாந்துட்டாரு. ஹால்லதான் பட்டற. டிவி மேல தூளு, கொழம்புல தூளு...

நீங்க ஜன்னல் பக்கமே இருங்க, எனக்கு பஸ்ஸு காத்து ஒத்துக்காது.

என்ன சொன்னேன்... ஆங், பலவ. அது நல்ல நீளம். அறுக்கறப்ப அந்தப் பக்கம் ஒருத்தர் புடிச்சிக்கணும். நான்தான் புடிச்சேன். "ஆட்டாத பவானி, ஆட்டாத பவானி"ன்னு ஒரே பாட்டு. கோடு கோணலாப் போனா என் கை ஆடிச்சாம். நேராப் போனா அவரு தெறமையாம். கீழ போட்டுட்டேன். "ஆளு வேணும்னா உங்க மச்சானக் கூப்புடுங்க"ன்னுட்டேன். மனுசன் மூஞ்சி சுருங்கிப்போச்சி.

என் தம்பி செந்தமிழ்செல்வனச் சொல்றேன்கா, புவனகிரியில இருக்கான். எங்க பொண்ணு கல்யாணத்துல, தாய்மாமன் இவன் வர்றதுக்குள்ள முகூர்த்தம் தப்புதுன்னு, பங்காளி ஒருத்தர விட்டு மாலையப் போட வச்சிட்டாரு இவரு. மாலையோட ஓடியாந்தவன் அப்பிடியே நின்னான். அத ஒரு சேர் மேல வச்சிட்டு, சாப்புடாமப் போயிட்டான். அன்னிலேருந்து ரெண்டு பேருக்கும் பேச்சு கெடையாது. நடுவுல நான்.

சரின்னு தம்பிக்கிப் போனப் போட்டு, "மாமா ரம்பத்துல கைய அறுத்துக்கிட்டாருடா"ன்னேன்... வேற என்ன சொன்னா வருவான், நீங்களே சொல்லுங்க. கைலியோட வண்டிய எடுத்துக்கிட்டு வந்துட்டான்கா. வாசல்ல நின்னு இவரு கையத்தான் பாக்கறான். ஒரு கீறல் இல்ல. என்னை ஒரு மொற மொறச்சான். திரும்பிடப் போறான்னுதான் நெனச்சேன். இவரு நிமிரவே இல்ல. பலவயப் பாத்துக்கிட்டே, "அந்த முனையக் கொஞ்சம் புடி மச்சான்"னாரு. அவன் செருப்பக் கழட்டிட்டு வந்து புடிச்சான். நான் அடுப்படிக்குப் போயிட்டேன். கண்ணெல்லாம் தூளு வேற...

இப்ப பெஞ்சு முடிஞ்சிச்சி. ரெண்டு பேரு ஒக்கார்ற அளவு. அவுங்க ரெண்டு பேருந்தான் ஒக்கார்றாங்க. காலையில வந்தான்னா பொழுது சாயற வரைக்கும் எந்திரிக்கறதில்ல. டீ, மறுபடி டீ. அடுத்து ஊஞ்சல் செய்யப் போறாங்களாம். தம்பி பொண்டாட்டி அருள்மொழி கோச்சிக்கிட்டு, சிதம்பரத்துல அவ அம்மா வூட்டுக்குப் போயிட்டா. "அவரு வூட்டுப் பக்கமே வர்றதில்ல, எல்லாம் உங்க வேலதான் அண்ணி"ங்கறா. ஒரு போன் பண்ணது தப்பாக்கா? அவள சமாதானம் பண்ணத்தான் போயிக்கிட்டிருக்கேன். அவகிட்ட இந்தத் தடவ யாரு கை அறுந்துச்சின்னு சொல்றதுன்னுதான் தெரியல.

ஏங்க்கா எழுந்துட்டீங்க? சிதம்பரம்னுதான டிக்கெட் எடுத்தீங்க, இது ஆலப்பாக்கம்... ஓ, அடுத்த பஸ்ஸுல வர்றீங்களா. சரி சரி, பாத்து எறங்குங்க.

வாம்மா, இந்த சீட்டு காலிதான், ஒக்காரு. நீயும் சிதம்பரமா?