அப்பா போட்டோவுக்கு நடந்த பாகப்பிரிவினை

எல்லாருக்கும் வணக்கம். எனக்கு மேடைப் பழக்கம் இல்லைங்க. நின்னா எல்லாம் மறந்துடும்னு எழுதிக்கிட்டு வந்திருக்கேன்... பார்த்துப் படிக்கிறதுக்கு மன்னிச்சுக்கோங்க. வீட்டுக் கம்ப்யூட்டர்ல இருக்கிற போட்டோவை எப்படிப் பத்திரப்படுத்துறதுன்னு சங்கத்துல சொல்லச் சொன்னாங்க. பாடமா நடத்தினா தூங்கிருவீங்க. அதனால ஒரு குடும்பத்துக் கதையைச் சுருக்கமா சொல்லிடறேன்.

பூமிராஜன்னு ஒருத்தர், லேத் பட்டறை வெச்சிருக்கார். அவங்க அப்பா இறந்துட்டார். காரியம் முடிஞ்சு, அவரும் தங்கச்சி தமயந்தியும் பாகம் பிரிக்க உக்கார்றாங்க. தமயந்தி என்ன கேட்டாங்க தெரியுமா? வீடு கேட்கல. நிலம் கேட்கல.

"அண்ணே, கம்ப்யூட்டர்ல இருக்கிற அப்பா போட்டோவுல எனக்கு ஒரு பங்கு குடு."

அண்ணன் விழுந்து விழுந்து சிரிக்கிறார். "ஏத்தா, போட்டோவுக்குமா பங்கு? மூக்கு உனக்கு, மீசை எனக்கா?"

"மீசையை நீயே வெச்சுக்க. எனக்கு முழு அப்பாவும் வேணும்."

சரின்னு ஒரு ஹார்ட் டிஸ்க்ல எல்லாத்தையும் ஏத்திக் குடுத்தார். அடுப்படியில இருந்து அவர் வீட்டம்மா சுகந்தி... "ஏன், எங்க வீட்டுல வெச்சா கரையான் அரிச்சிருமாக்கும்!"

பூமிராஜனும் விவரமானவர்தான். தனக்கும் ஒரு டிஸ்க் வாங்கினார். ஆயுத பூஜைக்கு ஆயுத பூஜை, கம்ப்யூட்டரைத் துடைச்சு, டிஸ்க்கை மாட்டி, புது போட்டோவை ஏத்துவார். அப்படியே ரெண்டுக்கும் சந்தனம், குங்குமம், பூஜை. அப்புறம்? நம்ம வழக்கம் என்ன? பூஜையில வெச்ச கருவியை மறுநாள் வரைக்கும் தொடமாட்டோம்... இல்லையா?

அப்படி ஒரு பூஜையன்னிக்குச் சாயங்காலம் வானம் இடிக்குது. "ஏங்க, வயரைப் பிடுங்குங்க!"

"பூஜையில வெச்சதை இன்னிக்குத் தொடுவாங்களா? சும்மா இரு."

ஒரே ஒரு மின்னல்... கம்ப்யூட்டரும் போச்சு. அதுல மாட்டியிருந்த டிஸ்க்கும் போச்சு. கடைக்காரர் பார்த்துட்டுக் கையை விரிச்சுட்டார்.

சுவத்துல அப்பா படம் ஒண்ணு இருக்கு. அடையாள அட்டைக்கு எடுத்தது, முறைச்சுக்கிட்டு இருப்பார். பேத்தியைத் தோள்ல தூக்கினது, பட்டறை வாசல்ல சிரிச்சது... எல்லாம் கம்ப்யூட்டர்லதான் இருந்துச்சு. அப்பாவோட சிரிப்பே போச்சுன்னு உக்காந்துட்டார் மனுஷன்.

போன் போடுறார். "தமயந்தி... அந்த டிஸ்க் இருக்கா?"

"ஏன்ணே, மீசையைத் தொலைச்சிட்டியா?"

இவர் விசும்புறது போன்ல கேட்குது. தங்கச்சிக்குப் புரிஞ்சுபோச்சு. "அழாதண்ணே. சேலைக்கு நடுவுல பத்திரமா இருக்கு. போன மாசம்கூடப் போட்டுப் பார்த்தேன். காலையில பஸ் ஏறிடறேன்."

மறுநாள் புதுக் கம்ப்யூட்டர் திரையில அப்பா சிரிக்கிறார். எல்லாரும் கண்ணைத் துடைக்கிறாங்க. முதல்ல பேசினது யாரு? சுகந்திதான். "இன்னொரு காப்பி போடுங்க, எங்க அம்மா வீட்டுலயும் வெச்சுடலாம்!"

யோசிச்சுப் பாருங்க. நிலத்தைப் பிரிச்சா குறையும். நகையைப் பிரிச்சா குறையும். போட்டோவைப் பிரிச்சா... குறைஞ்சுதா? ஒரே வீட்டுல எத்தனை காப்பி வெச்சாலும் ஒரு மின்னல் போதும். கம்ப்யூட்டர்ல ஒண்ணு இருக்கட்டும். தனி டிஸ்க்ல ஒண்ணு, ஏத்தி முடிச்சதும் கழட்டிருங்க, சாமி கோவிச்சுக்காது. இன்னொண்ணு வேற வீட்டுல. வெச்சதோட மறந்துடாம அப்பப்ப திறந்தும் பாருங்க.

இதோட இறங்கிடலாம்னுதான் நினைச்சேன்... ஒண்ணு கேட்கணும். எங்க அம்மா மாரிக்கனியை உங்கள்ல நிறையப் பேருக்குத் தெரியும். உங்க வீட்டு விசேஷங்கள்ல பந்தி பரிமாறினவங்க. அந்தச் சம்பளத்துலதான் நான் காலேஜ் போனேன். நான் பட்டம் வாங்குறதுக்குள்ள போயிட்டாங்க. எங்க வீட்டுல அவங்க போட்டோ ஒண்ணுகூட இல்ல. உங்க கல்யாணப் படங்கள்ல எங்கேயாவது ஓரத்துல, சாம்பார் வாளியோட நின்னிருப்பாங்க... நிச்சயமா நின்னிருப்பாங்க. காப்பி எடுக்கும்போது அந்த ஓரத்தையும் கொஞ்சம் பாருங்க. கண்ணுல பட்டா எனக்கு ஒரு வார்த்தை சொல்லி அனுப்புங்க, நானே வந்து வாங்கிக்கிறேன்.