கழுவும் முன் ஒரு கேள்வி

தலைமை நாற்காலியைத் தம் அமைதியால் நிறைத்து அமர்ந்திருக்கும் ஐயா சந்திரமௌலி அவர்களே! கைத்தடியோடும் கனிவோடும் முன்வரிசையில் வீற்றிருக்கும் பெரியோர்களே! ஞாயிற்றுக்கிழமைச் சமையலைச் சீக்கிரம் முடித்துவிட்டுச் சபைக்கு வந்திருக்கும் தாய்மார்களே! நகக்கண்ணில் கிரீசும் நெஞ்சில் கேள்வியும் நிறைந்த ஆழ்வார்பேட்டை வீட்டுப் பட்டறைக் கழகத்துத் தோழர்களே! அனைவருக்கும் என் அன்பான வணக்கம்.

என் பெயர் நோரா. மயிலாப்பூரில் ஒரு பெண்கள் பள்ளியில் ரசாயனம் கற்பிக்கிறேன். வண்டிப் பாகம் கழுவும் தொட்டியைப் பற்றிப் பேச இந்த அம்மாவா என்று அங்கே ஒருவர் புருவத்தை உயர்த்துகிறார். உயர்த்துங்கள் ஐயா, இறக்குவதற்கு இன்னும் கால் மணி நேரம் இருக்கிறது!

என் கணவர் ஆம்ப்ரோஸ். வீட்டில் பெயர் சொல்வதில்லை, மேடையில் சொல்லிவிட்டேன். அதோ, வெட்கப்பட்டுக் குனிகிறார். பகலில் தபால் அலுவலகம். மாலையானால் கொல்லைப்புறக் கொட்டகையில் தெருவார் வண்டிகளைப் பிரித்துப் போட்டுக்கொண்டு உட்கார்ந்துவிடுவார். பிரித்ததைக் கழுவ வேண்டாமா? கழுவாத இரும்பில் விரிசல் தெரியுமா? தேய்மானம் தெரியுமா? சரி, எதில் கழுவுவது?

முதலில் பெட்ரோலில் கழுவினார். பாகம் பளபளத்தது. ஆனால் பெட்ரோல் வைத்த இடத்தில் இருக்குமா? அதன் ஆவி தரையோடு தவழ்ந்து என் சமையலறை அடுப்பைத் தேடி வருமே! "ஒண்ணு அது இந்த வீட்டுல இருக்கணும், இல்லேன்னா நான் இருக்கணும்" என்றேன். பெட்ரோல் போனது. மண்ணெண்ணெய் வந்தது.

என்ன சொல்கிறார் அங்கே? "டீச்சரம்மா, அடுப்புக்கே கிஸ்ணாயில் கெடைக்கல, க்யூல நின்னுக்கினு கீறோம்" என்கிறார். நியாயம் தம்பி, நூற்றுக்கு நூறு நியாயம்! ரேஷன் அட்டைக்குக் கிடைக்கும் அந்தக் கொஞ்சத்தை என் அடுப்பும் குடிக்க வேண்டும், என் கணவர் பாகம் கழுவும் தட்டும் குடிக்க வேண்டும். ஒருமுறை கழுவினால் கறுத்துவிடும், சாக்கடையில் கொட்டிவிடுவார். அன்றைக்கு எங்கள் வீட்டில் சோறு தாமதம்.

அப்போதுதான் அறிவாளி நான் குறுக்கே புகுந்தேன். காஸ்டிக் சோடாவைக் கொதிக்கும் நீரில் கரைத்துக் கொடுத்தேன். என் தையல் மெஷினின் இரும்புப் பாகங்கள் அதில் அழுக்கு நீங்கிப் புதிதாய் எழுந்தன. எனக்குத் தலைகால் புரியவில்லை. யார் வந்தாலும் அந்தத் தொட்டியைக் காட்டினேன்.

அந்த வாரம் வந்தார் இசக்கிமுத்து அண்ணாச்சி. தியாகராய நகரில் ஜவுளிக்கடை வைத்திருப்பவர். பதிந்துவிட்டு எட்டு வருடம் காத்திருந்து ஸ்கூட்டர் வாங்கியவர். அதன் என்ஜின் தலையை, அந்த மேல்மூடியை, கரி எடுக்கக் கொடுத்துவிட்டுப் போனார். "நானே கழுவுகிறேன்" என்று வாங்கி, நானே தொட்டியில் போட்டேன்.

நுரைத்தது! பொங்கியது! "அழுக்கு என்ன அழகாகப் போகிறது" என்று நின்று ரசித்தேன், தாய்மார்களே, ரசித்தேன்! போனது அழுக்கா? அண்ணாச்சியின் அலுமினியம் அல்லவா போனது! காரத்தில் அலுமினியம் கரையும், ஹைட்ரஜன் வாயு வரும் என்று அதே வாரம் கரும்பலகையில் எழுதிய கை இது. ஒரு மாணவி மறந்திருந்தால் சுழி போட்டிருப்பேன். எனக்கு யார் போடுவது?

குழி விழுந்த அந்த மூடியை என் கணவர் புரட்டிப் பார்த்தார். எங்கள் ஸ்கூட்டரும் அதே ரகம். அதன் மூடியைக் கழற்றி அண்ணாச்சி வண்டியில் பூட்டினார். கொட்டகையைச் சாத்தினார். சாவியை என் கையில் கொடுத்தார். "கழுவத் தெரியாதவங்களுக்குப் பிரிக்கிற வேலை எதுக்கு?" என்று மட்டும் சொன்னார். "பரவால்ல டீச்சர், விடுங்க" என்ற அண்ணாச்சி, அதன்பின் எங்கள் தெரு வழியாகவே வரவில்லை. திட்டியிருந்தால் தாங்கியிருப்பேன். அந்தப் 'பரவால்ல' என்னை அறுத்தது.

மூன்று வாரம் சாவி என் முந்தானையில் தொங்கியது. கொட்டகையைத் திறக்க வைக்கும் தொட்டி எது? தேடினேன். கொல்லை மூலையில் அழுக்கு மண்ணெண்ணெய்ப் புட்டி ஒன்று கிடந்தது. எடுத்துப் பார்த்தால் மேலே தெளிவு, அடியில் சேறு! சும்மா வைத்தாலே தெளிகிற எண்ணெயையா இத்தனை நாள் சாக்கடைக்குக் கொடுத்தோம்?

பழைய எண்ணெய் டின் ஒன்று. நடுவில் சல்லடைத் தட்டு. அடியிலிருந்து நாலு விரற்கடை உயரத்தில் குழாய். சேறு கீழே தங்கும், தெளிந்தது குழாயில் வரும். மூன்று லிட்டர் மண்ணெண்ணெய் மூன்று மாதம் உழைக்கும்!

ஆனாலும் தீ? கீல் வைத்த மூடி போட்டோம். அதைத் திறந்தே நிறுத்த என் கணவர் கெட்டிக் கம்பியைக் கொண்டுவந்தார். வேண்டாம் என்றேன்! உறுதியானது வேண்டாம், எரிந்துபோவது வேண்டும் என்றேன்! பஞ்சுநூல் கயிற்றால் மூடியைக் கட்டித் தொங்கவிட்டேன். தீப்பிடித்தால் முதலில் நூல் எரியும். நூல் எரிந்தால் மூடி விழும். மூடி விழுந்தால் தீ மூச்சடைத்துச் சாகும்! தோழர்களே, ஒரு தொட்டியை வாங்குமுன் எப்படிக் கழுவும் என்று கேட்கிறோம். எப்படிக் கெடும் என்று கேட்டோமா? எதைக் கெடுக்கும் என்று கேட்டோமா? கேட்காமல் கெட்டவள் சொல்கிறேன், கேளுங்கள்!

போன ஞாயிறு பூசை முடிந்ததும் அண்ணாச்சி கடை வாசலில் போய் நின்று அழைத்தேன். வந்தார். எங்கள் கொல்லையில், வெட்டவெளியில், வெறும் டின்னுக்குள் எண்ணெய்த் துணியைப் போட்டுக் கொளுத்தினேன். தீ எழுந்தது. நூல் எரிந்தது. மூடி டமாரென்று விழுந்தது. புகை அடங்கிற்று. அண்ணாச்சி திரும்பி நடந்தார். வாசலைத் தாண்டினார். போய்விட்டார் என்றே நினைத்தேன்.

டின் ஆறி, நாங்கள் எண்ணெய் ஊற்றி முடித்ததும், வெளியே நின்ற தம் ஸ்கூட்டரின் என்ஜின் மூடியைக் கழற்றிக் கையில் ஏந்தி வந்தார். தொட்டிக்கு மேலே பிடித்தார். போடவில்லை. "டீச்சர், மொதல்ல இது என்னதுன்னு சொல்லுங்க பாப்போம்" என்றார்.

"அலுமினியம் அண்ணாச்சி" என்றேன்.

"அப்பம்னா கழுவுங்க" என்று என் கையிலேயே கொடுத்தார். என் கணவர் என் முந்தானையிலிருந்து சாவியை அவிழ்த்துக்கொண்டார்.

அந்தத் தொட்டி இதோ மேடைக்குக் கீழே இருக்கிறது. வந்து பாருங்கள், கையில் பாகத்தோடு வருகிறவர்கள் அது என்ன உலோகம் என்று முதலில் எனக்குச் சொல்லுங்கள். செவி கொடுத்த சபைக்கும், கேள்வி கேட்ட அண்ணாச்சிக்கும் என் நன்றியும் வணக்கமும்.