பூந்தொட்டியில் முடிந்த எர்த்து கம்பி

1957, மலாயா சுதந்திரம் பெற்ற மெர்டேக்கா நாளிலிருந்து பதினேழாம் நாள். காஜா பெராங்கில் பஸ்ஸுக்கு நின்றிருந்தேன். எனக்கு முன்னால் பொட்டில்லாத ஓர் இளம்பெண் தன்னுடன் வந்த மூத்தவளிடம் சொன்னாள்:

"வீட்டுக்கு லைட்டு போட வந்தவன் எர்த்து கம்பிய ரோஜாத் தொட்டியில புதைச்சிட்டான், அக்கா."

"தொட்டியிலயா? தரையில இறக்கணும்லா!"

"நானும் கேட்டேன். எல்லாம் மண்ணுதானேன்னு சிரிச்சான். மண்ணு ஈரமா இருக்கணும், தெனமும் தண்ணி ஊத்துங்கன்னான். ஒரு நாளும் தவறல. மெர்டேக்கா அன்னிக்குக் காலையில எங்க வீட்டுக்காரர் சட்டை தேய்க்க அயன் பெட்டியத் தொட்டாரு. அப்படியே விழுந்துட்டாரு."

"பாவிப்பய. அந்தத் தொட்டியத் தூக்கி எறிஞ்சியா?"

"இல்லக்கா. இன்னிக்கும் தண்ணி ஊத்திட்டுத்தான் வந்தேன்."

பஸ் வந்தது. ஏறும்போது அவள் கேட்டாள்:

"நான் ஊத்தின தண்ணி பத்தலையோ, அக்கா?"