கூட்டம் வராத பள்ளம்

காலை நேரத்தில் ஸ்டேஷனில் கூட்டம் இருக்காது என்று தெரிந்துதான் இப்போதே வந்தேன். பத்து மணிக்கு மேல் போனால் வரப்புத் தகராறு, பைக் காணோம், மருமகள் சரியில்லை என்று ஆளாளுக்கு வந்து நிற்பார்கள். கூட்டம் எனக்கு எப்போதுமே ஆகாது. கல்யாணத்துக்குப் போனால்கூட முகூர்த்தத்துக்கு முன்பே சமையற்கட்டில் நின்றபடி இரண்டு இட்லி தின்றுவிட்டுக் கிளம்பிவிடுகிற ஆள் நான். பந்தியில் சாப்பிடுகிறவன் முதுகுக்குப் பின்னால் இடம் பிடிக்க இன்னொருவன் நிற்பதைப் பார்த்தால் எனக்குச் சோறு இறங்காது.

நொச்சிக்கரட்டில் ரவிக்குமார் சுடப்பட்ட வழக்கில் திருப்பூர்ப் பையன்கள் நான்கு பேரைப் பிடித்து வைத்திருக்கிறீர்கள். அதில் ஒரு தவறு நடந்திருக்கிறது. அதைத் திருத்தத்தான் வந்தேன். நீங்கள் எழுதிக்கொள்ளுங்கள், நான் நிதானமாகவே சொல்கிறேன்.

பெயர் லட்சுமணசாமி. சத்தியமங்கலத்துக்கு மேற்கே தோட்டம், வாழையும் மஞ்சளும். பன்றி விரட்டுவதற்கென்று லைசென்ஸ் வாங்கிய ஒற்றைக்குழல் துப்பாக்கி ஒன்று இருக்கிறது. தேர்தல் வந்தால் இதே ஸ்டேஷனில் கொண்டுவந்து ஒழுங்காக ஒப்படைக்கிறவன் நான். ஆனால் அதை வைத்துப் பன்றியைவிட மானைத்தான் அதிகம் சுட்டிருக்கிறேன். அது குற்றம் என்று எனக்குத் தெரியும், அதையும் சேர்த்து எழுதுங்கள்.

நொச்சிக்கரடு என் தோட்டத்துக்கு வடக்கே இருக்கிற சின்னக் குன்று. புறம்போக்கு நிலம், யாரும் போகலாம், யாரும் வரலாம். அதைத் தாண்டினால் காப்புக்காடு. கோடையில் காட்டுக்குள் தண்ணீர் வற்றினால் கடமான்கள் கரட்டுக்கு இறங்கி வரும். முன்பெல்லாம் அங்கே ஆடு மேய்க்கிறவர்களைத் தவிர ஆள் கிடையாது. தார் ரோடு போட்டதும் பிடித்தது சனியன். சனி, ஞாயிறு என்றால் கோயமுத்தூர்க் காரும் திருப்பூர்க் காரும் வரிசை கட்டி நிற்கின்றன. கல்யாணப் போட்டோ எடுக்கிறேன் என்று ஒரு பெண்ணுக்குத் தரையைக் கூட்டுகிற பாவாடையைப் போட்டு முள்ளுக்குள் நிறுத்துகிறார்கள். தலைக்கு மேல் டிரோன் பறக்கிறது. பாட்டுப் பெட்டியை அலறவிட்டுக்கொண்டு பிரியாணிப் பொட்டலத்தைப் பிரிக்கிறார்கள். இதற்கு நடுவே நாட்டுத் துப்பாக்கியை வாங்கிக்கொண்டு வேட்டைக்காரர்கள் என்று கிளம்பி வரும் பயல்கள் வேறு. முயலுக்குக் கேட்கிற மாதிரி இருமுவார்கள், மானுக்கு நாறுகிற மாதிரி சென்ட் அடித்துக்கொள்வார்கள்.

இதற்காக நான் வேட்டையை விட்டுவிடவில்லை. கூட்டத்தை எனக்கு வேலை செய்ய வைத்தேன். கூட்டத்துக்கு அறிவு கிடையாது, பழக்கம்தான் உண்டு. கார் நிற்கிற இடத்திலிருந்து கூப்பிடு தூரத்துக்கு மேல் நடக்காது. எல்லோரும் கிழக்குத் தடத்தில்தான் ஏறுவார்கள், போனில் சிக்னல் போகிற இடத்தில் நின்றுவிடுவார்கள். அவர்கள் போடுகிற சத்தத்துக்குக் கடமான் மேற்கே நகரும். மேற்கே ஒரு பள்ளம், அடியில் சின்னக் குட்டை, சுற்றிலும் முள். அந்தப் பக்கம் எவனும் சட்டையைக் கிழித்துக்கொள்ள வரமாட்டான். நான் விடிவதற்கு முன்பே முள்ளுக்குள் புகுந்து காற்றுக்கு எதிரே உட்கார்ந்துவிடுவேன். கூட்டம் அந்தப் பக்கம் காசு செலவழித்து மானைக் கலைத்துவிடும், இந்தப் பக்கம் நான் சும்மா உட்கார்ந்திருப்பேன்.

மூன்று கோடையாக அங்கே ஒரு பெரிய கடமான் வருகிறது. அதன் கொம்பை ஒரு தடவை பார்த்தவன் வேறெதையும் சுட மாட்டான். நானும் சுடவில்லை, அதற்காகவே காத்திருந்தேன்.

ரவிக்குமாரைப் பற்றிக் கேட்பீர்கள். என் தோட்டத்தில் காலமெல்லாம் பண்ணையத்துக்கு இருந்த அங்கப்பனின் மகன். வேட்டைக்குப் போனால் புதரை அடித்து மானைக் கிளப்பி விடுகிறவன் அங்கப்பன்தான். தலையும் குடலும் அவனுக்குக் கொடுத்துவிடுவேன். மகன் பெருந்துறையில் ஏதோ கம்பெனியில் வேலை பார்த்தான், பேன்ட் சட்டை, மோட்டார் சைக்கிள், கழுத்தில் பைனாகுலர். போன கோடையில் ஒருநாள் அந்தப் பள்ளத்துக்கே வந்து நின்றான். அப்பனிடம் தடம் கேட்டிருக்க வேண்டும்.

"ஏனுங்ணா, நல்லா இருக்கீங்களா? நான் அங்கப்பன் பையனுங்க" என்றான். அங்கப்பன் என்னைச் 'சாமி' என்பான். இவன் 'அண்ணா' என்கிறான். நான் அதையெல்லாம் பெரிதாக எடுத்துக்கொள்கிற ஆள் அல்ல, காலம் மாறிவிட்டது என்பது எனக்கும் தெரியும்.

"இந்தக் கடமான மட்டும் உட்டுப்போடுங்கணா" என்றான்.

நான் குட்டைப் பக்கமே பார்த்துக்கொண்டிருந்தேன். அவன் போய்விட்டான். அடுத்த மாதமே அந்தக் கடமான் குட்டையில் தண்ணீர் குடிக்கிற வீடியோ எல்லோர் போனிலும் ஓடியது. அதன் பிறகு ஞாயிறு தவறாமல் ஒரு கும்பலைக் கூட்டிக்கொண்டு மேற்குப் பள்ளத்துக்கே வர ஆரம்பித்தான். பறவை பார்க்கிறார்களாம். ஒருநாள் ரோட்டில் நிறுத்திக் கேட்டேன்.

"எதுக்குடா ஊரையே அங்க ஓட்டியாறே?"

அவன் சிரித்துக்கொண்டே சொன்னான். "உங்கள வேண்டாம்னு சொல்ல நான் ஆருங்ணா. ஆனா ஆளுக இருக்கற எடத்துல உங்களால சுட முடியாதில்லீங்களா. அதுக்குத்தானுங்க கூட்டியாரேன்."

யோசித்துப் பாருங்கள். மற்றவர்களாவது தெரியாமல் கெடுக்கிறார்கள். இவன் தெரிந்தே கூட்டத்தை வளர்த்தான். அங்கப்பனைக் கூப்பிட்டுப் பையனைக் கண்டிக்கச் சொன்னேன். அவன் தலையைக் குனிந்துகொண்டு, "அவன் எங்கிட்டக் கேக்கறதில்லீங்க சாமி. கேட்டாலும் நான் வேண்டாம்னு சொல்ல மாட்டனுங்க" என்றான். என் வீட்டு வாசலில் நின்றுகொண்டு அங்கப்பன் அப்படிப் பேசி நான் கேட்டது அதுதான் முதல் தடவை. எனக்குக் கோபம் வரவில்லை, அசிங்கமாக இருந்தது.

அந்த ஞாயிற்றுக்கிழமை நான் வழக்கம்போலப் போய் உட்கார்ந்தேன். வெளிச்சம் நன்றாக வந்த பிறகு கடமான் குட்டைக்கு இறங்கியது. அந்த நேரத்தில் வலது பக்கம் முள்ளை விலக்கிக்கொண்டு ரவிக்குமார் வந்தான். மானைக் கலைக்கக் கூடாது என்று குரலைத் தாழ்த்தித்தான் பேசினான். அந்த அளவுக்குக் காடு தெரிந்தவன்தான், அதை ஒத்துக்கொள்கிறேன்.

"அண்ணா, இருக்கீங்கன்னு தெரியுமுங்க. பின்னாடி பள்ளிக்கூடத்துப் புள்ளைங்க வாராங்க. துப்பாக்கிய எறக்கிப்போடுங்கணா."

இரண்டு கையையும் நெஞ்சுக்கு நேரே தூக்கிக் காட்டினான். நான் சுட்டேன்.

முள்ளுக்குள்ளேயே திரும்பி நடந்து தோட்டத்துக்கு வந்தேன். துப்பாக்கியைத் துடைத்து வைத்துவிட்டுக் குளித்தேன், தோசை சாப்பிட்டேன். அவனைப் பிள்ளைகள்தான் முதலில் பார்த்ததாகச் சொன்னார்கள். அதுகள் பார்த்திருக்க வேண்டாம், அது எனக்கு வருத்தம்தான். அவன் அப்பன் பேச்சைக் கேட்டு வளர்ந்திருந்தால் இதெல்லாம் வந்திருக்காது.

மறுநாள் இழவுக்குப் போனேன். ஊர் கூடுவதற்கு முன்பே போய் மாலை போட்டேன். அவன் சம்சாரம் அன்புச்செல்வி என்னை நிமிர்ந்துகூடப் பார்க்கவில்லை. அங்கப்பன் வந்து என் கையைப் பிடித்துக்கொண்டான்.

"கரட்டுல உங்களுக்குத் தெரியாத எடமில்லீங்க. எம் பையன ஆரு சுட்டதுன்னு நீங்கதான் விசாரிச்சுச் சொல்லோணும் சாமி."

விசாரிக்கிறேன் என்று சொன்னேன். சொன்ன சொல்லைக் காப்பாற்றத்தான் வந்திருக்கிறேன் என்றும் வைத்துக்கொள்ளலாம்.

ஆனால் உண்மையில் என்னைக் கிளப்பியது நேற்றைய பேப்பர். அந்த நான்கு பையன்களும் அன்றைக்குக் கரட்டில் சுட்டுக்கொண்டிருந்ததை ஒத்துக்கொண்டார்கள் என்றும், மான் என்று நினைத்துச் சுட்டது அவன்மேல் பட்டிருக்கலாம் என்று சொன்னதாகவும் போட்டிருந்தது. அவர்கள் துப்பாக்கியின் படமும் இருந்தது. கம்பி சுற்றி இறுக்கிய கட்டையும் துருப்பிடித்த குழலும். அதை வைத்துக்கொண்டு பக்கத்தில் நிற்கிற எருமையைக்கூட அடிக்க முடியாது. ரவிக்குமாருக்குக் குண்டு எங்கே பட்டிருந்தது என்று டாக்டரிடம் கேளுங்கள். அந்த அடி அந்தப் பயல்கள் கணக்கில் போவதை என்னால் பார்த்துக்கொண்டிருக்க முடியவில்லை. நிரபராதிகள் உள்ளே கிடக்கக் கூடாது என்கிற நியாயமும் இருக்கிறது, அதையும் எழுதுங்கள்.

வக்கீல் மதன்குமாரிடம் ராத்திரியே பேசிவிட்டேன். வாயைத் திறக்க வேண்டாம் என்றார். திறந்துதான் ஆக வேண்டும் என்றால் "மானுன்னு நெனச்சுச் சுட்டுப்போட்டேன்னு சொல்லீருங்க, கேஸ் ஒண்ணுமில்லாமப் போயிரும்" என்றார். நல்ல வக்கீல்தான். ஆனால் மனுஷனுக்கும் மானுக்கும் வித்தியாசம் தெரியாமல் சுட்டவன் என்று ஊர் என்னைப் பேசுவதைவிட நான் ஜெயிலில் கிடப்பது மேல். அசைகிற புதரையெல்லாம் சுடுகிற கும்பலில் என்னைச் சேர்க்காதீர்கள். ரவிக்குமார் என்று பார்த்துத்தான் சுட்டேன்.

அந்தக் கடமான் எங்கே போனது என்று கேட்கிறீர்கள். எங்கேயும் போகவில்லை. சந்தேகம் வந்தால் கடமான் உடனே ஓடாது, முன்னங்காலால் தரையைத் தட்டிக்கொண்டு நிற்கும். அவன் பேசி முடிக்கிற வரைக்கும் அது எனக்கு நேர் எதிரே நெஞ்சைக் காட்டிக்கொண்டு நின்றது. நான் துப்பாக்கியை அந்தப் பக்கம் திருப்பவே இல்லை.